காலுக்கேற்ற வாகனம்



மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்லும் குடும்பத்தார் விலையைக் கேட்பார்கள், மைலேஜைக் கேட்பார்கள், பழைய வண்டியாயின் எத்தனை கை மாறியது என்று விசாரிப்பார்கள். ஓட்டப் போகிறவரின் கால் தரையைத் தொடுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நடுத்தர உயரம் உள்ளவர்களுக்கு அக்கேள்வியே தோன்றுவதில்லை. எங்கள் வீட்டில் மற்றெல்லாக் கேள்விகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்த ஒன்றே முன்னால் வந்து நின்றது.

எங்கள் மூத்த மகனின் வயது 23, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 48 கிலோ. அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு உடல்நலத்தில் எந்தக் குறையும் இல்லை. மருந்து நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக வேலை கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து ஒருநாள் அம்பாசமுத்திரம், மறுநாள் தென்காசி என்று மருத்துவர்களைப் பார்த்து வர வேண்டும். சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருப்பது வேலையின் நிபந்தனை. மகிழ வேண்டிய நேரத்தில் அவன் முகம் சுருங்கிப் போயிற்று. கல்லூரி நாள்களில் நண்பர்களின் வண்டிகளில் பின்னால் மட்டுமே அமர்ந்து வந்தவன் அவன். முன்னால் அமர்ந்தால் ஒரு பக்கம் பெருவிரல் நுனி மட்டுமே தரையைத் தொடும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக் காலத்திலேயே ‘குள்ளன்’, ‘கட்டை’ என்ற பெயர்களைச் சுமந்தவனுக்கு இன்னொரு சிரிப்பு வேண்டியிருக்கவில்லை. இந்த வேலையே வேண்டாம், கடையில் கணக்கெழுதும் வேலை ஏதேனும் பார்க்கிறேன் என்றான். இவற்றை அவனுடைய சம்மதத்துடனேயே எழுதுகிறோம்.

ஸ்கூட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள். அது பெண்கள் வண்டி என்று அவன் மறுத்ததை நாங்கள் ஏற்கவில்லை. எந்த வண்டியிலும் அப்படி எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் வேறொரு காரணம் இருந்தது. நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். மழைக்காலம் முடிந்ததும் பள்ளங்கள் நிறைந்த சாலைகள். ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் இறங்கித் துள்ளும் பள்ளத்தை மோட்டார் சைக்கிளின் 18 அங்குலச் சக்கரம் பெரும்பாலும் கடந்துவிடும். மேலும், ஸ்கூட்டர் தாழ்வானது என்பதும் முழு உண்மையன்று. இலகுவான வண்டி எனப் பெயர்பெற்ற ஸ்கூட்டி பெப் பிளஸின் இருக்கை உயரம் 768 மில்லிமீட்டர்; ஸ்பிளெண்டர் பிளஸின் இருக்கை 785 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லை.

வண்டி பார்க்கப் போன ஒரு விற்பனை நிலையத்தில், “ஷூ போட்டா எட்டிரும் பாய், கொஞ்ச நாள்ல பழகிரும்” என்றார் அங்கிருந்த இளைஞர். பழகும் என்பது உண்மைதான். பழகுவதற்குள் நடுச்சாலையில் ஒருமுறை வண்டி சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் விடையில்லை. எனவே வீட்டிற்கு வந்து முதலில் மகனை அளந்தோம்.

அளவெடுக்கும் முறை எளிது. காலணி இன்றிச் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வேண்டும். தடித்த அட்டையுள்ள ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே வைத்து, இருக்கையில் அமர்ந்தால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அழுத்தத்துடன் மேலே தூக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, அங்கிருந்து தரை வரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும். எங்கள் மகனுக்கு அது 70 சென்டிமீட்டர். முழு உயரத்தைக் காட்டிலும் இந்த எண்ணே முக்கியம். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீண்டும் மற்றவருக்கு உடல் நீண்டும் இருப்பதுண்டு.

இந்த 70 ஐக் கையில் வைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்தபோது படம் தெளிவாயிற்று. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இன் இருக்கை 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. அதை விருப்பப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். மீட்டியார் 350 இன் இருக்கை 765 தான், ஆனால் எடை 191 கிலோ. பஜாஜ் அவெஞ்சர் 737 மில்லிமீட்டரே. அமர்ந்து பார்த்தபோது இரு பாதங்களும் ஏறக்குறைய முழுமையாகத் தரையில் பதிந்தன. அவன் முகம் மலர்ந்ததைக் கண்டோம். ஆயினும் அதன் எடை 150 கிலோவுக்கு மேல். கால் வைக்கும் கம்பி முன்னால் தள்ளி இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பும்போது தூரத்துக் கை நீண்டு போய்விடுகிறது. நின்ற இடத்தில் அது எளிது. வாகன நெரிசலில் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தால் தன் எடையைப் போல மூன்று மடங்கு எடையை அவன் இழுக்க வேண்டும். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ மட்டுமே. இருக்கை தாழ்ந்திருப்பதா, எடை குறைந்திருப்பதா என்று கேட்டால், உயரமும் எடையும் இரண்டுமே குறைந்த ஒருவருக்கு எடை குறைந்த வண்டியே நல்லது என்பது எங்கள் முடிவு. இருக்கையை வெட்டித் தாழ்த்தலாம். இரும்பின் எடையை யாரும் வெட்டிக் குறைக்க முடியாது.

பழைய வண்டியாக வாங்கினோம். வட்டி கலந்த தவணையை நாங்கள் விரும்பவில்லை; கையிலிருந்த தொகைக்குப் பழையதே கிடைத்தது. புது வண்டியின் இருக்கையில் கத்தி வைக்க மனம் கூசும் என்பதும் ஒரு காரணம்.

அந்த நாள்களில்தான் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களைப் பற்றிய இரண்டு செய்திகள் எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்பட்டன. ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டில் கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் அருகில் அமர்ந்து தம் முழங்காலை வைத்துக் கொடுத்தார்கள்; அம்முழங்காலின் மீது பாதம் பதித்து ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஏறினார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. மற்றது அபூதாவூதில் உள்ளது. ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டி ஒரு சொல் சொல்லப்பட்டபோது, கடல்நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடத்தக்க சொல் அது என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்.

இவ்விரண்டையும் பலமுறை தனித்தனியே கேட்டிருக்கிறோம். ஒரே அன்னையைப் பற்றியவை என்று சேர்த்து எண்ணிப் பார்த்தது அப்போதுதான். ஒட்டகமோ தானாக மண்டியிட்டுத் தாழக்கூடிய பிராணி. அதன் அருகிலும் ஒரு முழங்கால் தேவைப்பட்டது. அது தயங்காமல் கொடுக்கப்பட்டது. ஏறுகிறவரின் உயரத்தைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை. மகன் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை, சீட் கடைக்கு எப்போது போகலாம் என்று அவனே கேட்டான்.

இருக்கையைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓட்டுகிறவரும் வண்டியும் உடன் செல்ல வேண்டும். எங்களுக்கு வேலை செய்து கொடுத்த காக்கா முப்பது ஆண்டுகளாக சீட் தைப்பவர். அவனை வண்டியில் உட்கார வைத்து, தொடை படும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார். “உயரத்தை அப்புறம் பாப்போம், முதல்ல அகலத்தை எடுக்கணும்” என்றார். அந்த ஒரு வாக்கியம் நாங்கள் பார்த்த விளம்பரத் தாள்கள் எதிலும் இல்லை. இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால்கள் பக்கவாட்டில் விரிந்து, அதன் பிறகே கீழே இறங்கும். விரிந்த அளவுக்கு நீளம் வீணாகும். முன்பகுதியின் இரு தோள்களையும் சரித்துச் செதுக்கியதும் கால்கள் நேராக இறங்கின. அதற்குப் பிறகே ஓட்டுநர் அமரும் பகுதியில் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் ஃபோம் எடுத்தார். பின்னால் அமருபவரின் பகுதியைத் தொடவில்லை. ஃபோமை அதற்குமேல் குறைத்தால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடித்தகடு முதுகெலும்பின் கீழ்நுனியில் இடிக்கும் என்று எச்சரித்தார். வெட்டிய பரப்பின்மீது மெல்லிய, இறுக்கமான ஃபோம் தாள் ஒன்றை ஒட்டி, வழுக்காத ரெக்சின் போட்டுத் தைத்தார்.

அடுத்தது பின்பக்க ஷாக் அப்சார்பர். வண்டியின் இருக்கை உயரத்தைப் பெரும்பாலும் ஆள் ஏறாத நிலையில்தான் குறிப்பிடுகிறார்கள். ஆள் அமர்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி சற்றே தாழும். எழுபது, எண்பது கிலோ உள்ளவர் அமர்ந்தால் அது நன்றாகத் தாழும். 48 கிலோ உள்ளவருக்கு அந்த ஸ்பிரிங் அவ்வளவாக இணங்குவதில்லை. ஆக, உயரமும் எடையும் குறைந்தவருக்கு அதே வண்டி மற்றவர்களைவிடக் கூடுதல் உயரமாகவே நிற்கிறது. ஸ்பிளெண்டரின் ஷாக் அப்சார்பரில் ஐந்து படிகள் உண்டு. வண்டியை எங்களுக்கு விற்றவர் மூட்டை ஏற்றுவதற்காக ஐந்தாம் படியில் இறுக்கி வைத்திருந்தார். வளைந்த ஸ்பேனரால் இரு பக்கமும் ஒரே அளவாக முதல் படிக்குத் தளர்த்தினோம். பின்னால் ஆள் அமரும் நாள்களில் மூன்றாம் படிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும்; இல்லையெனில் பள்ளத்தில் பின்பகுதி தட்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. இப்படியொரு வசதி இருப்பதை அறியாமலே பத்தாண்டு வண்டி ஓட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வேறொரு பட்டறையில், இரண்டு அங்குலம் குட்டையான ஷாக்கை மாட்டிவிடுவதாகச் சொன்னார்கள். கேட்பதற்கு இனிமையாக இருந்தது, நாங்கள் மறுத்துவிட்டோம். பின்பகுதி மட்டும் இறங்கினால் முன்பகுதி நிமிர்ந்து, கைப்பிடி திரும்புவதில் மந்தமாகும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சைடு ஸ்டாண்டின் நீளம் மாறாததால் வண்டி நிமிர்ந்து நின்று, ஒரு சிறு தள்ளலில் மறுபக்கம் விழும். அதைச் சரிசெய்ய முன் ஃபோர்க்கை இறக்க வேண்டும், ஸ்டாண்டை வெட்ட வேண்டும், செயினின் தளர்வை மறுபடி பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு நம்மூர் வேகத்தடைகளில் வண்டியின் அடிவயிறு உரசும். இதனுடன் சட்டமும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. இருக்கையின் ஃபோமைக் குறைப்பதும், வண்டியிலேயே உள்ள படிகளைத் திருகிக்கொள்வதும் வேறு. சட்டகத்தையும் தாங்கும் உறுப்புகளையும் மாற்றுவது வேறு.

சின்னச் சின்ன வேலைகளும் இருந்தன. கைப்பிடியை ஓட்டுநரை நோக்கிச் சற்றே சுழற்றி இறுக்கினோம். கிளட்ச், பிரேக் பிடிகளை அவன் முழங்கை மடங்கிய நிலையில் விரல்கள் இயல்பாக விழும் கோணத்திற்குத் திருப்பினோம். கால் பிரேக்கை, குதிகாலைத் தூக்காமல் மிதிக்கும் அளவுக்கு இறக்கினோம். வேலைக்கு அணியும் ஷூவின் அடியில் ரப்பர் ஒட்டச் செய்து ஒரு சென்டிமீட்டர் கூட்டினோம். அதற்கு மேல் தடித்தால் பிரேக்கின் அழுத்தம் பாதத்திற்குத் தெரியாது. தலைக்கவசமும் அவன் தலையளவுக்கு வாங்கியதே. கடைக்காரர் கையில் கிடைத்த நடுத்தர அளவை நீட்டினார். தாடைப்பட்டையைக் கட்டிய பிறகும் அது ஆடியது. சிறிய அளவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டே கவசம் அணிய வேண்டும் என்பதை எங்கள் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறோம்.

இத்தனை செய்தும் இரு பாதங்களும் முழுமையாகப் பதியவில்லை. இரு பக்கமும் முன்பாதம் பதிந்தது. இடுப்பை இடப்பக்கம் சற்றே நகர்த்தினால் இடப்பாதம் குதிகால் வரை பதிந்தது. அது போதும் என்றார் மெக்கானிக். நாங்கள் ஐயத்துடனேயே இருந்தோம். ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் ஆளில்லாத மைதானத்தில் பத்து நாள்கள் பழகிய பிறகே ஐயம் நீங்கிற்று. வண்டி நிற்கப் போகிறது என்றதும் இரு கால்களையும் தொங்கவிட்டு உரசிக்கொண்டே வருவது நம்மிடையே பலருக்குள்ள வழக்கம். உயரமானவருக்கு அது அழகின்மை; குட்டையானவருக்கு ஆபத்து. வலப்பாதம் பிரேக்கிலேயே இருக்க வேண்டும். வண்டி முழுமையாக நின்ற நொடியில் இடப்பாதம் மட்டும் இறங்க வேண்டும். இன்னொன்றையும் அவனே கண்டுபிடித்தான். நிற்பதற்கு முன்பாகவே கால் ஊன்றப் போகும் இடத்தைக் கண்ணால் தேர்ந்துகொள்ள வேண்டும். சாலையின் ஓரம் சரிந்திருந்தாலோ, மழைநீர் தேங்கிய பள்ளமாக இருந்தாலோ, தரை அங்கே இன்னும் ஐந்து சென்டிமீட்டர் கீழே போய்விடுகிறது. நீண்ட கால் உள்ளவர் அதை உணர்வதே இல்லை.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஒரு வேடிக்கை நடந்தது. எட்டு வடிவில் ஓட்டிக்காட்டும்போது கால் தரையில் படக் கூடாது. வாழ்நாளெல்லாம் கால் படவில்லை என்று கவலைப்பட்டவன், கால் படாமல் ஓட்டியதற்காகத் தேர்ச்சி பெற்று வந்தான். அவனை முந்திச் சென்ற இரண்டு உயரமான இளைஞர்கள் வளைவில் காலை ஊன்றித் திரும்பி வந்தார்களாம்.

அவன் உம்மா பின்னால் அமர்ந்து செல்லத் தொடங்கியபோது வேறு வகையான சிக்கல். ஓட்டுகிறவன் முன்பாதத்தில் நிற்கையில், பின்னால் ஏறுபவர் ஒரு பக்கமாகத் தம் எடையைப் போட்டால் வண்டி அப்படியே சாயும். ஒருபுறமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்வது பெண்களின் வழக்கமாகிவிட்டது. எடை குறைந்த ஓட்டுநருக்கு அதைவிடக் கடினமான சுமை இல்லை. அபாயாவுக்குள் தளர்ந்த கால்சட்டை அணிந்து, இருபுறமும் கால் போட்டு அமர அவன் உம்மா பழகிக்கொண்டார். அபாயாவின் விளிம்பைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வதை மறப்பதில்லை. பின்னால் ஆள் அமரும் வண்டியில் கைப்பிடியும் கால்மிதியும் பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123 ஆம் விதி சொல்கிறது. நாங்கள் வாங்கிய பழைய வண்டியில் அத்தடுப்பை யாரோ அழகுக்காகக் கழற்றியிருந்தார்கள். முதல் வேலையாக அதை மாட்டினோம். துப்பட்டாவும் அபாயாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகளைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். நம் வீட்டு வண்டிகளைக் குனிந்து பார்ப்பதுதான் இல்லை.

ஏறுவதற்கு வீட்டுத் திண்ணை உதவுகிறது. அவன் வண்டியைத் திண்ணையோரம் ஒட்டி நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு “ஏறுங்க உம்மா” என்பான். திண்ணையின் மேல் நின்று கால் போடுவதால் வண்டி ஒரு விரல்கடை கூட அசைவதில்லை. ஏறியதும் இருவரும் பயண துஆவை ஓதுகிறார்கள். இவ்வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருந்ததில்லை, அல்லாஹ்வே வசப்படுத்தித் தந்தான் என்ற பொருள் அந்த துஆவில் வருகிறது. 48 கிலோ எடையுள்ளவன் 112 கிலோ இரும்பின்மீது அமர்ந்து அதைச் சொல்லும்போது எங்களுக்கு அது வெறும் பழக்கமாகக் கேட்பதில்லை.

தகுதிகாண் காலம் முடிந்து, அல்ஹம்துலில்லாஹ், வேலை நிரந்தரமாயிற்று. வண்டி ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒருமுறை மண் சாலையில் நின்ற நிலையில் சாய்ந்தது. மெல்லச் சாயவிட்டு, தான் ஒதுங்கிக்கொண்டு, பிறகு இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, காலின் பலத்தால் தூக்கி நிறுத்தினான். 112 கிலோ என்பதால் அது அவனால் முடிந்தது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முற்றத்தில் வண்டிகளைக் கைப்பிடியோடு கைப்பிடி உரச நிறுத்திவிடுகிறோம். உயரமானவர் அமர்ந்தபடியே கால்களால் உந்திப் பின்னுக்கு வந்துவிடுவார். இவனால் அது முடியாது. இறங்கி நின்று இழுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடமாவது வேண்டும். முற்றத்துச் சரிவும் உள்நோக்கியே இருக்கிறது. இடம் விட்டு நிறுத்துமாறு நிர்வாகத்தாரிடம் சொல்லியிருக்கிறோம். கோடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு அவன் பாங்கு ஒலிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே போய், வண்டியின் முகம் தெருவைப் பார்க்கும்படி திருப்பி, வாசலோரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே செல்கிறான்.